மோட்டாரை அணைச்சியா? வாட்டர் கூலிங் பம்புகளில் எது சத்தம் குறைவு

போன மார்கழியில் ஒரு ராத்திரி, மணி பன்னிரண்டரை இருக்கும். அம்மா தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து, "டேய், மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு பாரு, டேங்க் வழியப் போகுது" என்றார். மோட்டாரைச் சாயங்காலமே அணைத்தாயிற்று. அவர் காதில் விழுந்தது என் கம்ப்யூட்டருக்குள் ஓடிய பம்ப். ஒன்றரை வருடமாக அதே இடத்தில், அதே வேகத்தில் ஓடுகிற பம்ப்தான். அன்றைக்கு மட்டும் ஏன் கேட்டது? குளிருக்காக அன்றைக்குத்தான் சீலிங் ஃபேனை நிறுத்தியிருந்தோம்.

கம்ப்யூட்டரின் சூட்டைத் தண்ணீரால் தணிக்கும் வாட்டர் கூலிங்கை வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி இந்தச் சத்தத்தைப் பற்றித்தான். எல்லாம் சேர்ந்தே வரும் ஏஐஓ போதுமா, தனி பம்ப் வைத்து லூப் (தண்ணீர் சுற்றி வரும் குழாய் வட்டம்) கட்டினால்தான் அமைதியாக இருக்குமா? தனி பம்ப் வகைகளில் டி5 வாங்குவதா, டிடிசி வாங்குவதா? மீன்தொட்டி மோட்டாரை வைத்துச் சமாளிக்கலாமா? என் அனுபவத்தில், மெதுவாக ஓட்ட முடிகிற, கேஸின் (கம்ப்யூட்டரின் வெளிக்கூடு) இரும்பில் ஒட்டாமல் வைக்க முடிகிற பம்ப்தான் அமைதியான பம்ப். பெட்டியின் மேல் அச்சடித்த டெசிபல் எண்ணை நான் கடைசியில்தான் பார்ப்பேன். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதை வைத்து எடை போடுகிறோம் என்பது தெரியாமல் பம்புகளை வரிசையாக அடுக்கிப் பிரயோஜனம் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

சத்தத்தின் குணம். பம்ப் போடுகிற சத்தம் ஒன்றல்ல, நான்கு. "ம்ம்ம்" என்று சுவருக்குள் யாரோ முனகுவது போல ஒன்று. இது மோட்டாரின் அதிர்வு கேஸின் தகட்டில் ஏறி வருவது. "ஙீ" என்று காதோரம் கொசு பறப்பது போல ஒன்று. இது மோட்டாரை ஓட்டும் மின்சுற்றிலிருந்து வருவது. "களக், களக்" என்று தண்ணீர் குடிக்கிற சத்தம், உள்ளே காற்றுக் குமிழி மாட்டியிருப்பதால். கடைசியாகக் "கரகர", இது பேரிங் தேய்ந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு. முதல் சத்தத்துக்கு ஸ்பாஞ்ச் போதும். இரண்டாவதற்கு வேகத்தை மாற்ற வேண்டும். மூன்றாவதற்குப் பொறுமை வேண்டும். நான்காவதற்குப் புது பம்ப்தான்.

இந்த வித்தியாசம் டெசிபல் எண்ணில் தெரியாது. நிமிடத்துக்கு 2800 சுற்று ஓடும் பம்ப், நொடிக்குக் கிட்டத்தட்ட 47 முறை அதிர்கிறது. பெட்டிகளில் போடும் "டெசிபல் ஏ" அளவு, மனிதக் காதின் போக்கை ஒட்டித் தாழ்ந்த ஒலிகளைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவது. 50 ஹெர்ட்ஸ் அருகே கழிபடுவது 30 டெசிபல். ஆக, மேசையையே லேசாக நடுங்க வைக்கிற முனகல் அந்த எண்ணில் ஏறக்குறைய வருவதே இல்லை. போதாக்குறைக்கு, எவ்வளவு தூரத்தில் மைக் வைத்தார்கள், பம்பைக் கையில் தொங்கவிட்டு அளந்தார்களா, கேஸில் மாட்டி அளந்தார்களா என்பதைப் பலர் சொல்வதும் இல்லை.

போனில் ஆப் போட்டு அளந்து பார்க்கலாமே என்பார்கள். பரவலாகக் கிடைக்கும் மலிவு விலை ஒலி மீட்டர்களே 30 டெசிபலுக்குக் கீழே அளப்பதில்லை. நல்ல பம்ப் அதற்கும் கீழே ஓடும். அந்த அளவில் நீங்கள் அளப்பது போன் மைக்கின் சொந்த இரைச்சலைத்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு பொருள்களைச் சேர்த்தால் 3 டெசிபல்தான் கூடும். சூடான தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரின் ஃபேன்கள் 35 டெசிபலில் இரைந்துகொண்டிருக்க, பம்ப் 25 டெசிபல் என்றால் மொத்தம் 35.4. அதாவது ஃபேன் சத்தத்தைக் குறைக்காமல் பம்புக்குக் காசு கொட்டுவது வீண். ஆனால் ஃபேன் இரைச்சல் காற்றோடு காற்றாகப் போய்விடும், மூளை அதை மறந்துவிடும். ஒரே சுருதியில் நிற்கிற பம்ப் சத்தத்தை மறக்க முடியாது. அளவில் சின்னதாக இருந்தாலும் அதைத்தான் காது தேடிப் பிடிக்கும்.

எவ்வளவு மெதுவாக ஓட்டலாம். சத்தத்தைக் குறைக்க இதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை. வேகத்தைப் பாதியாக்கினால் பம்ப் தள்ளும் அழுத்தம் கால்வாசியாகும், அது இழுக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும். சத்தமும் அதோடு சேர்ந்து இறங்கும். அப்படி இறக்கினால் கம்ப்யூட்டர் கொதிக்காதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிபியூவும் (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 300 வாட் வெப்பத்தைத் தண்ணீரில் இறக்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 லிட்டர் ஓட்டத்தில், உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் இடையே 4.3 டிகிரி வித்தியாசம். 120 லிட்டரில் 2.1 டிகிரி. 240 லிட்டரில் 1.1 டிகிரி. ஓட்டத்தை 120லிருந்து 240 ஆக்கினால் இந்தக் கணக்கில் மிச்சமாவது ஒரே ஒரு டிகிரி. பிளாக்குக்குள் (சிப் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் உலோகக் கட்டி) தண்ணீர் வேகமாக உரசுவதால் கிடைக்கும் லாபத்தைச் சேர்த்தாலும் ஓரிரண்டு டிகிரிதான் கூடும். அந்த ஓரிரண்டு டிகிரிக்காகப் பம்பை முழு வேகத்தில் அலறவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அதிர்வைப் பிரித்து வைக்க முடியுமா. பம்பின் சொந்தச் சத்தம் சிறியது. அதைப் பெரிதாக்குவது கேஸின் தகடும் கண்ணாடியும் மேசைப் பலகையும்தான். பம்பை அவற்றிலிருந்து பிரித்து வைக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்று வருடம் கழித்து. புதிதாக இருக்கும்போது எல்லா பம்பும் நல்ல பிள்ளைதான்.

கூடவே செலவு. அதைத் தனியாகச் சொல்வதைவிட ஒவ்வொன்றின் கீழும் சொன்னால் உறைக்கும்.

## ஏஐஓ: பம்பும் பிளாக்கும் ஒன்றாக வருவது

கடையில் முதலில் காட்டுவது இதைத்தான். சிபியூவின் தலையில் உட்காரும் குமிழுக்குள்ளேயே பம்ப் இருக்கும். இந்த அமைப்புக்கான காப்புரிமையை வைத்திருந்தது டென்மார்க்கைச் சேர்ந்த அசெடெக். 2014இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் கூலர் மாஸ்டருக்கு எதிராகப் போட்ட காப்புரிமை வழக்கை ஜெயித்தும் விட்டது. வேறு வேறு பெயரில் விற்கும் ஏஐஓக்கள் பலவற்றின் வயிற்றில் ஒரே அசெடெக் பம்ப் இருப்பதற்கும், சில கம்பெனிகள் பம்பை ரேடியேட்டரிலோ ட்யூப் நடுவிலோ கொண்டு போய் வைத்ததற்கும் பின்னால் இந்தக் காப்புரிமை இருக்கிறது.

சத்தத்தைப் பொறுத்தவரை ஏஐஓவின் சிக்கலே பம்ப் உட்காரும் இடம்தான். சிபியூ மேல் இறுக்கி முறுக்கிய பம்ப், மதர்போர்டு வழியாக, அதன் திருகுகள் வழியாக, கேஸின் முதுகுத் தகட்டில் போய் இறங்குகிறது. நடுவில் ரப்பரோ ஸ்பாஞ்சோ வைக்க இடமே இல்லை, வைத்தால் சிபியூ சூடு இறங்காது. ஆக, வேகம் ஒன்றுதான் நம் கையில் இருக்கிற பிடி. என்இசட்எக்ஸ்டி கிராக்கன் எக்ஸ்53யின் பம்ப் 800 முதல் 2800 சுற்று வரை ஓடும். ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 2இன் பம்ப் 800 முதல் 2000 வரை. மேல் எல்லையே தாழ்ந்திருப்பதை நான் நல்ல அறிகுறியாகப் பார்ப்பேன். ஆனால் ஆர்க்டிக்கில் ஃபேனும் பம்பும் ஒரே ஒயரில் வருவதால், ஃபேன் ஏறும்போது பம்பும் கூடவே ஏறும். பீ கொயட் ப்யூர் லூப்பில் பம்ப் ட்யூப்பின் நடுவில், மென்மையான பிடியில் இருக்கிறது. மதர்போர்டைத் தொடுவதில்லை. முனகல்தான் உங்கள் பிரச்சினை என்றால் இந்த மாதிரி அமைப்பைத் தேடலாம்.

வாங்கி மாட்டியதும் பலர் செய்கிற தவறு ஒன்று. மதர்போர்டில் ஏஐஓ பம்ப் என்று எழுதியிருக்கும் பின்னில் செருகுவார்கள். அது சரிதான். ஆனால் அந்தப் பின் பெரும்பாலான போர்டுகளில் எப்போதும் முழு வேகம் என்றே கம்பெனியிலிருந்து வரும். பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது நுழையும் செட்டிங் திரை) போய் மாற்றினால்தான் உண்டு. மாற்றும்போதும் சிபியூ சூட்டோடு கட்டி விடாதீர்கள். ஒரு பிரவுசர் டேபைத் திறந்தாலே சிபியூ பத்து டிகிரி குதிக்கும், தண்ணீர் குதிக்காது. பம்ப் மட்டும் வீணாக ஏறி இறங்கி "ம்ம்... ம்ம்ம்ம்... ம்ம்" என்று ராகம் இழுக்கும். 60, 70 சதவீதத்தில் நிலையாக வைத்து ஒரு வாரம் சூட்டைக் கவனியுங்கள். சில கம்பெனிகள் பம்பை முழு வேகத்தில்தான் ஓட்ட வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைமுகச் செலவு இங்கே விலையில் இல்லை, ஆயுளில் இருக்கிறது. ரப்பர் ட்யூப் வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கசியும். நம் ஊர் வெக்கையில் அது நிற்கவே நிற்காது. போன தண்ணீரின் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். அந்தக் காற்று பம்புக்குள் வந்த நாளிலிருந்து களக், களக். பெரும்பாலான ஏஐஓக்களைத் திறந்து நிரப்ப முடியாது. நான் முன்பு வைத்திருந்த ஒன்று (பெயர் வேண்டாம்) மூன்றாவது கோடையில் ஆரம்பித்தது. ரேடியேட்டர் கேஸின் முன்பக்கம் இருந்தது, அதைக் கூரைப் பக்கம் மாற்றி மாட்டியதும் காற்று மேலே ஏறிக்கொண்டு அடங்கிவிட்டது. இன்னும் ஒரு வருடம் ஓடியது. பம்ப் எக்காரணம் கொண்டும் லூப்பின் உச்சியில் இருக்கக் கூடாது என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன். ப்யூர் லூப்பிலும் ஆல்ஃபாகூல் ஐஸ்பேரிலும் நிரப்புவதற்கு வழி வைத்திருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருக்கப் போகிறவர் அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

யாருக்கு இது சரி? சிபியூவை மட்டும் குளிர வைத்தால் போதும் என்பவருக்கு. திருப்புளியைக் கையில் எடுக்கப் பிடிக்காதவருக்கு. கம்ப்யூட்டரை மேசைக்குக் கீழே வைப்பவருக்கு.

## டி5: என் ஓட்டு இதற்கு

லெயிங் என்ற ஜெர்மன் குடும்பத்தின் கம்பெனி உருவாக்கியது. அதை 2009இல் ஐடிடி என்ற கம்பெனி வாங்கியது. 2011இல் ஐடிடியின் தண்ணீர்த் தொழில் சைலம் என்று தனியாகப் பிரிந்தபோது இதுவும் அதோடு போனது. கம்ப்யூட்டருக்காகவே பிறந்த பம்ப் அல்ல இது. வீடுகளில் வெந்நீரையும் சோலார் தண்ணீரையும் சுற்றவிடுகிற வம்சம். நாள் முழுக்க, வருடக்கணக்கில், தூங்குகிறவர்களை எழுப்பாமல் ஓட வேண்டும் என்பது அதன் பிறவிக் கடமை.

உள்ளே சுழலும் பகுதிக்கு நீளமான தண்டு கிடையாது. ஒரு சிறிய பீங்கான் குண்டின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல உட்கார்ந்து சுற்றுகிறது. தேய்ந்தாலும் குண்டின் மேல் தானாகவே படிந்துகொள்வதால் ஆட்டம் வருவதில்லை. கரகர சத்தம் சீக்கிரம் வராததற்குக் காரணம் இதுதான். மோட்டாரின் சூடும் ஓடுகிற தண்ணீருக்கே போய்விடுகிறது, அதைத் தனியாகக் காற்றில் வைக்கத் தேவையில்லை. இது ஏன் முக்கியம் என்பதை டிடிசி பகுதியில் சொல்கிறேன்.

இரண்டு வகை கிடைக்கும். வேரியோ என்பதில் முதுகில் ஒரு சின்னச் சக்கரம், 1 முதல் 5 வரை. ஒன்றில் 1800 சுற்று, ஐந்தில் 4800. பிடபிள்யூஎம் வகையில் மதர்போர்டு வேகத்தைச் சொல்லும், இன்னும் கீழே இறக்கலாம். முழு வேகத்தில் மணிக்கு 1500 லிட்டர், ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் திறன். ஒரு சிபியூ, ஒரு கிராபிக்ஸ் கார்டு, இரண்டு ரேடியேட்டருக்கு அதில் பாதி வேகமே தாராளம். வேரியோவில் ஒன்றிலோ இரண்டிலோ வைத்து, கீழே ஸ்பாஞ்ச் போட்டால், கேஸை மூடிய பிறகு நான் காதை ஒட்டி வைத்துத்தான் ஓடுகிறதா என்று பார்க்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. ஐந்தில் வைத்தால் டி5யும் இரையும். நடுவில் சில வேகங்களில் கேஸோடு சுருதி சேர்ந்து திடீரென்று முனகலாம். ஒரு படி மேலேயோ கீழேயோ நகர்த்தினால் போய்விடும். அதே உருவத்தில் பாரோ, பைக்ஸ்கி போன்ற சீனக் கம்பெனிகளின் பம்புகளும் வருகின்றன. வெளிக்கூடு பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு மோட்டார். மோசம் என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்ன பீங்கான் குண்டுக் கதை அவற்றுக்கும் பொருந்தும் என்று நினைத்து வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

செலவைப் பற்றி மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். ஒரு நல்ல 240 எம்எம் ஏஐஓ விலைக்கு வெறும் டி5 பம்ப் மட்டும்தான் வரும். அதற்கு மேல் மூடி, ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி), பிளாக், ரேடியேட்டர், ட்யூப், திரவம். எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுவிட்டு ட்யூப்பை இணைக்கும் ஃபிட்டிங்கை மறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய், குறைந்தது எட்டு, பத்து வேண்டும். ட்யூப் சந்து பொந்தில் திரும்ப வளைவு ஃபிட்டிங் வாங்கினால் அது தனிக் கணக்கு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் முழுக்க அலைந்தாலும் எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏதாவது ஒன்றை ஆன்லைனில் வாங்கக் காத்திருக்க வேண்டி வரும். வருடத்துக்கு ஒருமுறை திரவத்தை மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் ஒதுக்கிவிடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் குளிர வைக்கிறவர், ராத்திரி வேலை செய்கிறவர், அதே அறையில் மைக் வைத்துக் குரல் பதிவு செய்கிறவர், ஐந்தாறு வருடம் இதே அமைப்பில் ஓட்டப் போகிறவர்: இவர்களுக்கு டி5.

## டிடிசி: சின்னக் குருவி, பெரிய குரல்

அதே லெயிங் குடும்பம்தான், தீப்பெட்டிக் கட்டு அளவில். உருவம் சின்னதாக இருந்தாலும் அழுத்தத்தில் டி5யை மிஞ்சும். 10 வாட், 18 வாட் என்று இரண்டு வகை. பிளாக் பிளாக்காக, ரேடியேட்டர் ரேடியேட்டராகத் தண்ணீரை முட்டித் தள்ள வேண்டிய லூப்புக்கு இது கெட்டிக்காரன்.

அமைதியான பம்ப் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சத்தத்தின் சுருதி டி5யைவிட மேலே இருக்கிறது, கொசு ரகம். இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. இதன் மின்சுற்று அடிப்பக்கத்தில் இருக்கிறது, முக்கியமாக 18 வாட் வகை அங்கேதான் நன்றாகச் சூடாகும். அதிர்வைத் தடுக்க ஸ்பாஞ்ச் மேல் உட்கார வைத்தால் அந்தச் சூடு போக வழியில்லாமல் அடைபடும். சூடு போக அடியில் காற்று விட்டுக் கேஸில் இறுக்கினால் தகடு பாட ஆரம்பிக்கும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற நிலைமை. அடியில் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க் மாட்டி, அதன் காலுக்கு ரப்பர் வாஷர் போட்டுச் சமாளிக்கலாம். அதுவும் ஒரு செலவு.

மினி ஐடிஎக்ஸ் என்ற குட்டிக் கேஸில் டி5 நுழையாது என்றால் டிடிசி. அப்போதும் 10 வாட் வகையோ, பிடபிள்யூஎம்மில் தாழ்த்த முடிகிற வகையோ பாருங்கள்.

## சின்ன டிசி பம்புகள்

ஆல்ஃபாகூலின் டிசி-எல்டி வரிசை போன்றவை. 2600, 3600 என்று பெயரிலேயே சுற்று எண் இருக்கும். மேலே சொன்ன ஐஸ்பேர் ஏஐஓவுக்குள் இருந்ததும் இந்த இனம்தான். 2600 வகை காதுக்கு உண்மையிலேயே இதமானது. தள்ளும் சக்தி சொற்பம். ஒரு பிளாக், ஒரு ரேடியேட்டர், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மலிவாக 12 வோல்ட்டில் கிடைக்கும் பெயர் தெரியாத பம்புகளும் உண்டு. மணிக்கு 800 லிட்டர் என்று எழுதியிருக்கும். அது குழாயே மாட்டாமல் திறந்துவிட்டால் வரும் கணக்கு. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## மீன்தொட்டி மோட்டார்

சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டருக்கென்று பம்புகள் பரவலாகாத 2000களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் இதை வைத்துத்தான் லூப் கட்டினார்கள். ஐஹைம் 1046 என்ற மீன்தொட்டி பம்ப், மணிக்கு 300 லிட்டர், 1.2 மீட்டர் உயரம், வெறும் 5 வாட். அதன் அண்ணன் 1048, 600 லிட்டர், 10 வாட். அந்த 1046ஐயே எடுத்து, 12 வோல்ட் மின்சுற்று சேர்த்து, அக்வாஸ்ட்ரீம் என்று அக்வா கம்ப்யூட்டர் விற்றது. அமைதிக்கு அன்றைக்குப் பெயர் வாங்கிய பம்ப்.

ஆனால் சென்னைக் கொளத்தூர் வளர்ப்பு மீன் கடையில் கிடைக்கும் மோட்டாரும் ஐஹைமும் ஒன்றாகிவிடாது. இவை நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுபவை. வேகத்தைத் தீர்மானிப்பது மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ்தான், நாம் கூட்டவோ குறைக்கவோ முடியாது. 50 ஹெர்ட்ஸில் ஓடும் மோட்டார் 100 ஹெர்ட்ஸில் முனகும், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அதே சுருதி. தண்ணீருக்குள் முழுகி இருக்கும்வரை பரவாயில்லை. கரண்ட் போய், சதுர அலை தரும் பழைய இன்வெர்டரில் ஓட ஆரம்பித்தால் வீட்டு ஃபேன் எப்படி உறுமுகிறதோ அப்படி இதுவும் உறுமும். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது பம்பும் ஓட வேண்டும் என்றால் இடையில் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) வேண்டும். மறந்து பம்ப் இல்லாமல் ஆன் செய்த அன்றைக்குச் சிபியூ தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க வேண்டியதுதான்.

சோதித்துப் பார்க்க, பிளாக்கை வெளியே வைத்துக் கசிவு பார்க்க, கற்றுக்கொள்ள நல்லது. தினமும் ஓட்ட வேண்டாம்.

## பம்பே இல்லாவிட்டால்?

இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. சிபியூவை மட்டும்தான் குளிர வைக்கிறீர்கள், அதுவும் 65 வாட் ரகம் என்றால், நல்ல ஏர் கூலர்தான் எல்லாவற்றையும்விட அமைதி. நாக்டுவா என்ஹெச்-டி15 முழு வேகத்திலேயே 24.6 டெசிபல் என்று கம்பெனி சொல்கிறது. அந்த எண்ணையும் மற்ற எண்களைப் போல சந்தேகத்தோடே எடுத்துக்கொண்டாலும், இதில் ஓயாமல் ஒரே சுருதியில் ஓட எதுவும் இல்லை. வேலை இல்லாதபோது ஃபேன் இறங்கிவிடும். பம்புக்கு ஓய்வே கிடையாது.

## ஒரே பார்வையில்

| | சத்தத்தின் குணம் | வேகத்தைத் தாழ்த்த | அதிர்வைப் பிரிக்க | பின்னால் வரும் செலவு | எப்போது இது |
|---|---|---|---|---|---|
| ஏஐஓ | முனகல்; வயதானால் களக் களக் | பயாஸில், ஓரளவு | பெரும்பாலும் முடியாது | சில வருடத்தில் முழுதாக மாற்றுவது | சிபியூ மட்டும், வேலை வைக்கக் கூடாது |
| டி5 | தாழ்ந்த, மெல்லிய ஒலி | நன்றாக முடியும் | ஸ்பாஞ்ச் போதும் | ஃபிட்டிங், திரவம், ஞாயிற்றுக்கிழமை | ராத்திரி வேலை, நீண்ட காலம் |
| டிடிசி | மேல் சுருதி, கொசு ரகம் | பிடபிள்யூஎம் வகையில் | சூடு அடைபடும் | ஹீட்சிங்க் | சின்னக் கேஸ், தடை அதிகமான லூப் |
| சின்ன டிசி | மெல்லியது | வோல்ட் குறைத்து | எளிது | சக்தி போதாமல் மறுபடி வாங்குவது | ஒரு பிளாக், ஒரு ரேடியேட்டர் |
| மீன்தொட்டி | 100 ஹெர்ட்ஸ் முனகல் | முடியாது | தண்ணீரில் முழுக்கினால் | ரிலே, இன்வெர்டர் தொல்லை | சோதனைக்கு |

## எதை வாங்கினாலும் செய்ய வேண்டியது

எங்கிருந்து சத்தம் வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் கடைக்காரர்களின் வித்தை ஒன்று உண்டு. நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, அதன் பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு, நுனியைப் பம்பின் கூட்டில் தொடுங்கள். சுழலும் ஃபேன் பக்கமும் மதர்போர்டின் மின்பாகங்கள் பக்கமும் போகாதீர்கள். பிறகு கேஸின் தகட்டில் தொடுங்கள். பம்பில் சின்னதாகக் கேட்டது தகட்டில் பெரிதாகக் கேட்டால், பம்ப் மேல் தப்பில்லை. பொருத்தியதில்தான் தப்பு. அம்மா எழுந்து வந்த அன்றைக்கு நான் இதைத்தான் செய்தேன். பம்பில் தொட்டபோது பூனை உறுமுகிற அளவு. பக்கவாட்டுத் தகட்டில் தொட்டால் ரைஸ் மில். தகட்டின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தியதும் பாதி அடங்கியது.

மறுநாள் பம்பின் நாலு திருகையும் கழற்றிவிட்டு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் மஞ்சள் பக்கத்தை இரண்டு அடுக்காக வெட்டி அதன் மேல் உட்கார வைத்தேன். ஜெர்மன்காரர்கள் இதையே ஷாகி சாண்ட்விச் என்று பெயர் வைத்து விற்கிறார்கள். ஸ்பாஞ்ச் முழுதாக நசுங்கக் கூடாது, நசுங்கினால் அதுவும் கல்தான். பம்பிலிருந்து போகும் ட்யூப் மென்மையானதாக, கொஞ்சம் தொய்வாக இருக்கட்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்று அக்ரிலிக் கெட்டிக் குழாய் போட்டால், கீழே தடுத்த அதிர்வு குழாய் வழியாக ரேடியேட்டருக்கு ஏறிவிடும்.

இரண்டு பம்ப் வைக்கிறவர்கள் இரண்டையும் ஒரே வேகத்தில் வைக்கப் பார்ப்பார்கள். 2800, 2830 என்று சின்ன வித்தியாசம் வந்தாலே இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். அலை அடிப்பது போல இருக்கும், தூக்கம் வராது. ஒன்றைத் தெளிவாகக் கீழே இறக்கிவிடுங்கள்.

புது லூப்பில் முதல் சில நாள் களக், களக் கேட்டால் பதறாதீர்கள். கேஸை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெதுவாகச் சாய்த்து, ரிசர்வாயரில் குறைந்த அளவை நிரப்பிக்கொண்டே இருந்தால் ஒரு வாரத்தில் குமிழி வெளியேறிவிடும். பம்பைத் தண்ணீர் இல்லாமல் மட்டும் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

வாங்கிய பம்பைத் திருப்பிக் கொடுக்கக் கடையில் எத்தனை நாள் தருகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். அந்த நாட்களுக்குள் ஒரு ராத்திரி, பதினொரு மணிக்கு மேல், வேர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை, சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.